தரையோடு தரையாய்

கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயங்களுக்குத் திரும்பி, அடுப்புப் புகை பள்ளத்தில் படியத் தொடங்கும் சந்தியாகாலத்தில், தேயிலை மலைக்கு மேலே காட்டோரத்திலிருந்து, கட்டையைக் கட்டையால் நிதானமாகத் தட்டுவது போன்ற ஒரு சப்தம் எழுந்து நெடுநேரம் ஒலிப்பதை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தவர் பலர் கேட்டிருப்பார்கள். குரலுக்குரிய பட்சியைக் கண்டவர்களோ வெகு சிலரே. அதுதான் காட்டுப் பக்கி. சிங்களத்தில் 'பிம்பஸ்ஸா', அதாவது தரை ஆந்தை, என்பார்கள். அது ஆந்தை ஜாதியன்று. ஆனால் தரைக்கே உரியது என்பதைப் பெயர் வைத்தவர்கள் சரியாகக் கண்டிருக்கிறார்கள்.

இலங்கையில் வாழும் இதன் உபஜாதி, இத்தீவில் 1819இல் பிறந்து, நுவரெலியா மலைகளின் பிராணிகளை ஆராய்ந்து, 1852இல் இலங்கைப் பிராணிகளைப் பற்றிய நூலை வெளியிட்ட வைத்தியர் கெலார்ட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அலகு மிகச் சிறிது. வாயோ கண்ணுக்குக் கீழ்வரை பிளக்கும். அதன் ஓரங்களில் விறைத்த மயிர்கள் உண்டு. மெத்தென்ற சிறகுகளால் ஓசையின்றிப் பறந்து, அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் பறந்தபடியே கவ்வி விழுங்கும். இந்த வாயைப் பார்த்துத்தான் போலும், ஆட்டின் மடியில் பால் குடிக்கும் என்று ஐரோப்பியர் பழங்காலத்தில் வீண்பழி சுமத்தினர். இக்குடும்பத்தின் லத்தீன் பெயரில் அப்பழி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூடு என்று எதையும் கட்டாமல் சருகின்மீதே இரண்டு முட்டைகளை இடும் இப்பறவைக்கு, சாம்பலும் பழுப்பும் கருமையும் கலந்த தன் வர்ணமும், அசையாதிருக்கும் மன உறுதியுமே அரண். ஒருநாள் காட்டோரப் பாதையில் என் காலடியிலிருந்து பக்கி ஒன்று எழும்பி, சிறகொடிந்ததுபோல் தத்தித் தத்திச் சிறிது தூரம் இழுத்துச் சென்று, நான் விலகியதும் நன்றாகப் பறந்து மறைந்தது. மறுநாள் அதே இடத்திற்குப் போய், நான்கு முழத் தூரத்தில் குந்தியிருந்து வெகுநேரம் தேடினேன். காய்ந்த இலைகளும் ஒரு சுள்ளியுமே தெரிந்தன. பிறகு அந்தச் சுள்ளியின் நுனியில், மூடியும் மூடாமலும் கீற்றாக, ஒரு கரிய கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.