வெளிநாட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு: டிக்கெட்டில் உள்ள நேரக் கணக்கு



மழைக்காலம் தொடங்கினால் மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். கையில் காசு புழக்கம் இல்லாத அந்த மாதங்களில்தான் "குவைத்தில் வீட்டு வேலை இருக்கு, ஓமனில் சமையல் வேலை இருக்கு" என்ற பேச்சு ஊருக்குள் வரும். குழுவில் கடன் எடுத்து, தோட்டை அடகு வைத்து, கிளம்பத் தயாராகி விடுகிறோம். சம்பளம் எவ்வளவு, விசா வந்ததா, மெடிக்கல் முடிந்ததா என்று எல்லாம் கேட்கிறோம். ஆனால் டிக்கெட்டை மட்டும் யாரும் விரித்துப் படிப்பதில்லை. "ஏஜெண்டு எல்லாம் பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறோம்.

விமானத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் டிக்கெட் பணம் போனதுதான். விசாவில் "இந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும்" என்று ஒரு கெடு இருக்கும், அதுவும் தாண்டிப் போகலாம். குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். அதனால்தான் இந்த இதழில் டிக்கெட்டைப் படிப்பது எப்படி, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது, நடுவில் விமானம் மாறும்போது என்ன செய்வது என்று பார்க்கப் போகிறோம்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில் புறப்படுகின்றன. டிக்கெட்டில் 24 மணி நேரக் கணக்கில்தான் எழுதியிருக்கும். 16.10 என்றால் மாலை 4.10. 04.10 என்றால் விடியற்காலை 4.10.

உங்கள் டிக்கெட்டில் "12-ம் தேதி, 04.10" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்ம கணக்கில் அது 11-ம் தேதி ராத்திரி. 12-ம் தேதி காலையில் எழுந்து குளித்துக் கிளம்பினால் விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். நள்ளிரவு 12 மணி தாண்டினாலே தேதி மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டு காலண்டரில் விமானத் தேதியை எழுதாதீர்கள். "வீட்டை விட்டுக் கிளம்பும் தேதி" என்று எழுதி வட்டம் போடுங்கள்.

2. பின்னாலிருந்து எண்ணுங்கள்

டிக்கெட்டில் இருப்பது விமானம் கிளம்பும் நேரம். நாம் கிளம்பும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே சொன்ன 04.10 விமானத்தையே எடுத்துக்கொள்வோம்.

- விடியற்காலை 4.10: விமானம் புறப்படும்.
- சுமார் 3.50: ஏறும் வாசலை, அதாவது கேட்டை, மூடிவிடுவார்கள்.
- சுமார் 3.10: பெட்டி போடும் செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடுவது வழக்கம்.
- நள்ளிரவு 12.10: முதல் தடவை போகிறவர்கள் விமான நிலைய வாசலில் இருக்க வேண்டிய நேரம். பொதுவாக 3 மணி நேரம் முன்பு என்று சொல்லுவாங்க. முதல் பயணம் என்றால் 4 மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிளியனூரிலிருந்து போகும் வழி. இங்கிருந்து திண்டிவனம், அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வழியாகச் சென்னை. மீனம்பாக்கம் விமான நிலையம் அந்த ரோட்டின் மேலேயே இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், திண்டிவனம் வழியாக வரும் வெளியூர் பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கே இறங்கி டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். திண்டிவனத்தில் ரயில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கி, லோக்கல் ரயிலில் திரிசூலம் வரலாம். அந்த ஸ்டேஷனுக்கு எதிரேதான் விமான நிலையம். ஆனால் லோக்கல் ரயில் நள்ளிரவுக்குப் பிறகு ஓடாது.

திண்டிவனம் போகவும் பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் 1 மணி நேரம், கிளாம்பாக்கம் போக இரண்டரை மணி நேரம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு 1 மணி நேரம். ஆக நாலரை மணி நேரம். ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளிலும் செங்கல்பட்டைத் தாண்டியும் வண்டிகள் தேங்கும். பொங்கல், தீபாவளி சமயத்தில் சொல்லவே வேண்டாம். அதனால் இன்னும் 2 மணி நேரம் சேர்த்து, 11-ம் தேதி மாலை 5.30 மணிக்கே கிளியனூரை விட்டுக் கிளம்புங்கள். வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

3. உள்ளே நேரம் எங்கே போகிறது?

சென்னையில் வெளிநாட்டு விமானங்களுக்கு டி2 என்ற டெர்மினல். 2023 ஏப்ரலில் திறந்த புதிய கட்டடம் அது. ஆட்டோக்காரரிடம் "இன்டர்நேஷனல், டி2" என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் உள்ளவர்கள்தான் உள்ளே போக முடியும். வீட்டுக்காரரோ பையனோ கூட வர முடியாது. அதனால் எல்லாப் பேப்பரும் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். அண்ணன் பையில், ஏஜெண்டு கையில் என்று இருக்கக் கூடாது.

உள்ளே மூன்று இடத்தில் வரிசை. முதலில் கவுண்டரில் பெட்டியைப் போட்டு போர்டிங் பாஸ் வாங்குவது. பெட்டி எடை கூடினால் அங்கேயே பிரித்து எடுக்கச் சொல்லுவாங்க, அரை மணி நேரம் போய்விடும். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். கசகசா மட்டும் ஒரு பொட்டலம்கூட வேண்டாம். அரபு நாடுகள் பலவற்றில் அது போதைப் பொருள் கணக்கு, ஜெயிலுக்குப் போக வேண்டிவரும்.

இரண்டாவது இமிக்ரேஷன். இங்கேதான் நம் பெண்களுக்கு அதிக நேரம் ஆகிறது. ஈ.சி.ஆர். என்றதும் நமக்கு மரக்காணம் வழியாகப் போகும் கடற்கரைச் சாலைதான் ஞாபகம் வரும். பாஸ்போர்ட்டில் உள்ள ஈ.சி.ஆர். வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பலருக்கு அந்த வகைப் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் குவைத், சவூதி, ஓமன், கத்தார், துபாய் உள்ள அமீரகம், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். பெண்கள் என்றால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு நிறுவனம் மூலமாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-ல் தொடங்கிய, கிண்டியில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அனுமதியின் பிரிண்ட், வேலை ஒப்பந்தம், பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் பேப்பர் மூன்றும் கையில் இருந்தால் கேட்ட உடனே காட்டலாம். இல்லாவிட்டால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது பாதுகாப்புச் சோதனை. அது முடிந்ததும் போர்டிங் பாஸில் உள்ள கேட் நம்பரைத் தேடிப் போய், அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். எல்லா விமானத்துக்கும் மைக்கில் கூப்பிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். போர்டைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

4. நடுவில் விமானம் மாறும்போது

நேராகப் போகும் விமானத்தைவிட ஓர் ஊரில் இறங்கி மாறிப் போகும் டிக்கெட் பல சமயம் விலை குறைவு. அப்படி எடுத்தால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, கடிகாரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். கத்தார், குவைத், சவூதி, பஹ்ரைன் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம் பின்னால். இலங்கை நம் நேரமேதான். நம் உதாரண விமானம் தோஹாவில் 06.20-க்கு இறங்குகிறது, குவைத் விமானம் 08.40-க்கு என்றால், நடுவில் 2 மணி 20 நிமிடம் இருக்கிறது. ஆனால் கையில் உள்ள கடிகாரம் இறங்கும்போதே 8.50 காட்டும். "ஐயோ, விமானம் போயிடுச்சே" என்று பயந்து அழ வேண்டாம். இறங்கியதும் அந்த ஊர் நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கொழும்பில் இறங்கினால் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு, இடைவெளி. ஒரு மணி நேர இடைவெளி முதல் பயணத்துக்குப் போதாது. 2 முதல் 4 மணி நேரம் நல்லது. 8, 10 மணி நேரம் என்றால் சாப்பாடு, மாத்திரை, போன் சார்ஜர், ஒரு சால்வை இதெல்லாம் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் "ட்ரான்ஸ்ஃபர்" என்ற போர்டு காட்டும் பக்கம் போங்கள். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போகும் வழியில் போய்விடக் கூடாது. மறுபடியும் ஒரு சோதனை இருக்கும்.

மும்பையிலோ ஐதராபாத்திலோ மாறும் டிக்கெட் என்றால், சென்னையிலிருந்து அதுவரை பெரும்பாலும் உள்நாட்டுப் பயணம்தான். இமிக்ரேஷன் வரிசை அந்த ஊரில்தான் வரும். அங்கே 4 மணி நேரமாவது இருக்கட்டும்.

மூன்று, ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா? டிக்கெட்டின் மேலே ஆறு எழுத்து, எண் கலந்த ஒரு குறி இருக்கும். அதைத்தான் பி.என்.ஆர். என்கிறார்கள். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊருக்கே போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் அடுத்த விமானம் போனால் போனதுதான். நடுவில் பெட்டியை எடுக்க அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

5. டிக்கெட்டே உண்மையைச் சொல்லிவிடும்

இது முக்கியம். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று சொல்லி, அரசு அனுமதியைத் தட்டிக் கழிக்க வேறு ஒரு நாட்டைச் சுற்றி அனுப்பும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் தரும் டிக்கெட்டைப் படித்தால் தெரிந்துவிடும். குவைத் வேலை என்பார்கள், டிக்கெட் துபாயோடு முடியும். "அடுத்த டிக்கெட்டை அங்கே ஒருத்தர் தருவார்" என்பார்கள். நடுவில் ஒரு நாள், இரண்டு நாள் இடைவெளி இருக்கும். இல்லையென்றால் டிக்கெட்டையே விமான நிலைய வாசலில்தான் கையில் கொடுப்பார்கள். படிக்க நேரம் தரக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். பாதி வழியில் தெரியாத நாட்டில் மாட்டிக்கொண்டால் அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே, கிளம்ப ஒரு வாரம் முன்பே டிக்கெட் கையில் வர வேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் இலவச உதவி எண் 1800 11 3090-க்குப் பேசுங்கள்.

6. மழை, புயல், சண்டை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கவே முடியாது. அன்று சென்னை விமான நிலையத்தை மதியம் முதல் நள்ளிரவு தாண்டும்வரை மூடிவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் என்றால் புயல் செய்தியைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு நாள் முன்னதாகவே தாம்பரம் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். 2025 ஜூன் 23 அன்று சண்டை காரணமாகக் கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியது. அன்று தோஹா வழியாகப் போனவர்கள் அங்கங்கே தங்க நேர்ந்தது.

விமானத்தைக் கம்பெனியே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நாம் நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த உரிமை இல்லை.

7. குடும்பத்தோடு குடியேறும் மகள்களுக்கு

கணவரோடு சேர்ந்து வாழ விசா கிடைத்துப் போகும் பிள்ளைகளும் நம் குழுக் குடும்பங்களில் இருக்கிறார்கள். அமெரிக்கா போனால் அந்த நாட்டில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே இமிக்ரேஷன் முடித்து, பெரும்பாலும் பெட்டியையும் எடுத்து மறுபடி போட வேண்டும். பிரான்சுக்கு ஜெர்மனி வழியாகப் போனால் ஐரோப்பிய விசா சோதனை ஜெர்மனியிலேயே நடக்கும். இந்த இடங்களில் 3 மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி வேண்டாம். தூதரகம் ஒட்டிக் கொடுத்த கவர் ஏதும் இருந்தால் பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

8. போய் இறங்கும் நாள்

குவைத், சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை. வியாழன் இரவு இறங்கினால் ஏதாவது பிரச்சினைக்கு அலுவலகம் திறக்க ஞாயிறு ஆகும். முடிந்தால் ஞாயிறு முதல் புதன் வரை பகலில் இறங்கும் டிக்கெட் கேளுங்கள். கூப்பிட வருபவர் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, அங்குள்ள இந்தியத் தூதரக நம்பர் இவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் காகிதம்தான் கைகொடுக்கும்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஓர் உறுப்பினர் வெளிநாடு கிளம்புகிறார் என்றால், ஊக்குநரும் பிரதிநிதிகளும் அவர் டிக்கெட்டைக் கூட்டத்தில் வைத்து உரக்கப் படியுங்கள். கீழே உள்ள ஐந்து கேள்விக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியும் மணியும் என்ன?
2. எந்த ஊரில் விமானம் மாறுகிறது? எத்தனை மணி நேரம்?
3. ஒரே பி.என்.ஆரா?
4. டிக்கெட் முடியும் ஊரும் விசாவில் உள்ள நாடும் ஒன்றுதானா?
5. போய்ச் சேர்ந்ததும் யாருக்கு, எத்தனை மணிக்குள் போன் செய்வார்?

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், ஒப்பந்தம் நான்கின் ஜெராக்ஸையும் வாங்கி நோட்டோடு வைத்துவிடுங்கள். ஐந்தாவது கேள்வியில் சொன்ன நேரம் தாண்டியும் போன் வராவிட்டால், குடும்பம் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் விமான நம்பரைச் சொல்லி விசாரிக்க அந்த நோட்டு ஒன்றே போதும். நான்காவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், கடன் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதை அங்கேயே நிறுத்தி வையுங்கள்.