தன்னும் பிறிதும்: நரம்பு நோயும் உண்ணிக்கடி ஒவ்வாமையும்

நிர்ப்பீடனம் பற்றிய பொதுவான விளக்கங்களிலே போர்க்களச் சொற்கள் மலிந்து காணப்படுகின்றன. உடல் ஒரு கோட்டை. நுண்ணங்கிகள் படையெடுக்கும் பகைவர். வெண்குருதிக் கலங்கள் காவற்படை. பிறபொருளெதிரிகள் ஏவப்படும் அம்புகள். இவ்வுருவகம் பாடத்தை எளிதாக்குகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், உருவகம் எதுவும் ஒன்றைக் காட்டும்போதே இன்னொன்றை மறைத்தலும் உண்டென்பதை இலக்கியம் பயில்வோர் அறிவர். கோட்டை உருவகம் மறைப்பவை யாவை என்பதை, பிறபொருளெதிரிகளால் விளையும் இரு நோய்களை முன்வைத்து இக்கட்டுரை நோக்குகின்றது. ஒன்று, கியான்–பரே நோய் எனப்படும் நரம்பு நோய். மற்றையது, உண்ணிக்கடியின் விளைவாக இறைச்சிக்கு ஏற்படும் ஒவ்வாமை.

கோட்டைக்கு உள்ளிருப்பது ‘தன்’, புறத்திருப்பது ‘பிறிது’. இப்பாகுபாட்டுக்கு ஒரு வரலாறுண்டு. உடல் தன்னையே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்னும் கருத்தை ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிச் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே முன்வைத்தார். ‘தன்’, ‘பிறிது’ என்னும் பிரிவைக் கோட்பாடாக வளர்த்தவர் அவுஸ்திரேலியரான மக்பாலேன் பேணற். 1960இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1969இல் வெளியிட்ட நூலொன்றுக்குத் ‘தன்னும் தன்னல்லாததும்’ எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். நாம் வழங்கும் ‘பிறபொருளெதிரி’ என்னும் கலைச்சொல்லிலும் இப்பிரிவு உறைந்து கிடக்கின்றது. எதிர்க்கப்படுவது பிறபொருளே என்பது அச்சொல்லில் முடிந்த முடிபாகிவிடுகின்றது. நடைமுறையோ இதனினும் சிக்கலானது.

1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, பிரெஞ்சுப் படைக்குப் பணியாற்றிய கியான், பரே, ஸ்ட்ரோல் ஆகிய மருத்துவர்கள் இரு படைவீரரிடம் தாம் கண்ட தசைத்தளர்ச்சியை விவரித்தனர். பெரும்பாலும் கால்களிலே தொடங்கும் பலவீனம் சில நாட்களில் அல்லது வாரங்களில் மேனோக்கிப் பரவும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மூச்சுத் தசைகளும் தளர்வதால் செயற்கைச் சுவாசம் வேண்டப்படும். ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஒருவரையோ இருவரையோ இந்நோய் பீடிக்கின்றது. நோய்க்குச் சில வாரங்கள் முன்னர் வயிற்றோட்டமோ சுவாசத் தொற்றோ ஏற்பட்டிருப்பதே பெருவழக்கு.

அவ்வயிற்றோட்டத்தை விளைவிக்கும் முதன்மையான கிருமி கம்பைலோபக்டர் என்னும் பற்றீரியாவாகும். கோழியின் குடலிலே இயல்பாக வாழும் இது, நன்கு வேகாத இறைச்சி, மாசடைந்த நீர் ஆகியவற்றின் வழியே மனிதரை அடைகின்றது. இதன் சில இனங்களின் மேலுறையில் உள்ள வெல்லத் தொடர், மனித நரம்பின் மேற்பரப்பிலுள்ள கங்கிலியோசைட்டு என்னும் மூலக்கூறின் வெல்லத் தொடரை அச்சொட்டாக ஒத்திருப்பதை யப்பானிய ஆய்வாளர் நொபுகிரோ யுகி முதலானோர் 1990களிலே நிறுவினர். பற்றீரியாவை நோக்கி உருவான பிறபொருளெதிரி, அதே வடிவத்தை நரம்பிலும் கண்டு பற்றிக்கொள்கின்றது. குருதியிலுள்ள பிற புரதங்கள் அவ்விடத்திலே திரண்டு நரம்பைச் சிதைக்கின்றன. இங்கு பிறபொருளெதிரி வழிதவறிற்று எனல் பொருந்தாது. அது வடிவத்தையே அறியும்; அவ்வடிவம் எவருடையது என்பதை அறியாது.

இந்நோயின் சமூக முகத்தை வட சீனத்திலே தெளிவாகக் காணலாம். ஹெபெய் மாகாணத்திலும் அயற்பகுதிகளிலும் கோடைதோறும் கிராமத்துச் சிறுவர் பலர் திடீரெனத் தளர்ச்சியுற்று மருத்துவமனைகளை நிறைத்தனர். சீன, அமெரிக்க மருத்துவர்கள் கூட்டாக ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட அறிக்கை, இதனைத் தனித்த வகையாக இனங்காண வழிசெய்தது. பின்னர் கம்பைலோபக்டர் தொற்றுடன் அதற்குள்ள தொடர்பும் வெளிப்பட்டது. நகரச் சிறுவரினும் கிராமச் சிறுவரே பெரிதும் தாக்கப்பட்டமைக்கான காரணத்தை மூலக்கூறின் வடிவம் மட்டும் உணர்த்தாது. கிணறும் கோழியும் முற்றமும் அடங்கிய வாழ்நிலையையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

இனி, இரண்டாவது நோயை நோக்குவோம். அல்பா–கல் என்பது இரு கலக்டோசு அலகுகள் இணைந்த ஒரு சிறு வெல்லம். மாடு, ஆடு, பன்றி முதலிய பெரும்பாலான முலையூட்டிகளின் இழையங்களில் இது உண்டு. மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் பழையவுலகக் குரங்குகளும் கூர்ப்பின் போக்கிலே இதனை ஆக்கும் நொதியத்தை இழந்துவிட்டனர். எனவே, நம் மூதாதையருக்கு ஒரு காலத்திலே ‘தன்’னாக இருந்தது நமக்குப் ‘பிறிது’ ஆயிற்று. குடற் பற்றீரியாக்களின் தூண்டலால் இதற்கெதிரான பிறபொருளெதிரிகள் எல்லோர் குருதியிலும் உண்டென்பது 1980களிலே தெரியவந்தது. அவை இறைச்சி உண்போருக்குத் தீங்கு செய்வதில்லை. சிலவகை உண்ணிகள் கடிக்கும்போது உமிழ்நீருடன் புகும் அல்பா–கல், சிலரிடம் ஒவ்வாமைக்குரிய ‘ஈ’ வகைப் பிறபொருளெதிரியைத் தோற்றுவித்துவிடுகின்றது. அதன்பின் மாட்டிறைச்சி உண்டால், இரண்டு முதல் ஆறு மணித்தியாலங்கள் கழித்துத் தடிப்பும் வயிற்றுவலியும், சில வேளைகளில் உயிராபத்தான அதிர்ச்சியும் ஏற்படும்.

இதனை வெளிக்கொணர்ந்தது ஒரு புற்றுநோய் மருந்தாகும். எலிக் கலங்களில் உற்பத்தியான சிற்றுக்சிமாப் என்னும் அம்மருந்தை ஏற்றியபோது, அமெரிக்காவின் ரெனெசி, வட கரோலினா மாநிலங்களிலே 22 சதவீதமான நோயாளர் கடும் ஒவ்வாமைக்குள்ளாயினர் என 2007இல் அறிவிக்கப்பட்டது. பிற பகுதிகளில் இது மிக அரிதாகவே நிகழ்ந்தது. அந்நோயாளரின் குருதியில் அல்பா–கல்லுக்கெதிரான ‘ஈ’ வகை, மருந்தேற்றுமுன்னரே இருந்தமையை வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தின் தோமஸ் பிளற்ஸ்–மில்ஸ் குழுவினர் 2008இல் காட்டினர். ஏறத்தாழ அதே வேளையில் சிட்னியிலே ஷெரில் வான் நியூனென் உண்ணிக்கடிக்கும் இறைச்சி ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார்.

அமெரிக்காவிலே இதற்குப் பொறுப்பான உண்ணி, வெண்வால் மானை அண்டிப் பெருகுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டையால் அருகிப்போன அம்மான், கொன்றுண்ணிகள் ஒழிக்கப்பட்டும் கைவிடப்பட்ட வயல்கள் காடாகியும் நகர்ப்புறக் குடியிருப்புகள் காட்டினுள் நீண்டும் வந்த சூழலிலே மீண்டும் பல்கிற்று. 2023இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிறுவனம், 4,50,000 பேர் வரை இவ்வொவ்வாமைக்கு ஆளாகியிருக்கலாமென மதிப்பிட்டது. கருத்தறியப்பட்ட மருத்துவத் துறையினரில் 42 சதவீதமானோர் இந்நோயைக் கேள்வியுற்றதேயில்லை என்பதும் அப்போது வெளியாயிற்று.

இரு நோய்களிலும் வெல்ல மூலக்கூறே இலக்கு. ஒன்றிலே பிறிதின் வடிவம் தன்னில் உளது. மற்றதிலே, காலங்காலமாக உண்டு செரித்த உணவு ஒரு கடியால் பகையாகின்றது. ‘தன்’ என்பது மாறாத சாரமன்று. கூர்ப்பின் வரலாற்றிலும் சூழலுடனான உறவிலும் அது உருவாகின்றது. அவ்வுறவு மாறுகையில் அதுவும் மாறுகின்றது.

சிகிச்சையிலோ பொருளாதாரம் மறைவின்றி வெளிப்படுகின்றது. கியான்–பரே நோய்க்குக் குருதித் திரவவிழையத்தை மாற்றீடு செய்தல் பயனளிக்குமென 1985இலும், பிறர் குருதியிலிருந்து திரட்டிய பிறபொருளெதிரிகளை ஏற்றுதல் அதற்கு நிகரானதென 1992இலும் ஆய்வுகள் காட்டின. இவ்விரண்டாவது மருந்து ஆயிரக்கணக்கானோரின் திரவவிழையத்திலிருந்து ஆக்கப்படுவது. உலகச் சந்தைக்கு வரும் திரவவிழையத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலே பணத்துக்காக அதனைக் கொடுப்போரிடமிருந்து பெறப்படுகின்றது. அவருள் வறியோர் பலர். ஒரு நாட்டு வறியவரின் குருதி, வேறொரு நாட்டு வறியவருக்கு எட்டாத விலையிற் பண்டமாகின்றது. இந்நிலையில் டாக்காவிலே ஆய்வாளர் எளிய முறையொன்றைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்டனர். குருதியைப் பையில் எடுத்து, கலங்கள் தாமே அடியிற் படியும்வரை விட்டு, மேலே தெளியும் திரவவிழையத்தை அகற்றி, எஞ்சியதை நோயாளிக்கே திரும்பச் செலுத்துவதே அம்முறை. இருபது நோயாளரில் அது பாதுகாப்பானதென்பது தெரிந்தது. அதன் பயனை நிறுவுதற்குப் பேராய்வுகள் வேண்டும்.

கோட்டை உருவகம் நோயை உடலின் மதிலுக்குள் அடைத்துவிடுகின்றது. மதிலுக்கு அப்பாலுள்ள கிணற்று நீரையும் மான் திரியும் காட்டையும் மருந்தின் விலையையும் நோயின் விளக்கத்தினுள் கொண்டுவருதல், விஞ்ஞானத்துக்குப் புறம்பான வேலையன்று. மூலக்கூறு நோயின் வழியைக் காட்டுகின்றது; அவ்வழியிலே எவர் நிறுத்தப்படுகின்றனர், எவர் மீட்கப்படுகின்றனர் என்பவற்றைச் சமூகமே தீர்மானிக்கின்றது.