இட்டலியின் பிறப்பைத் தேடிய அறிஞர்

இட்டலி எந்நாட்டுப் பண்டம் என்று நம் மாணவரை வினவினால், "இதென்ன கேள்வி, நம்முடையதுதானே!" என்று நகைப்பர். அவ்வாறு எளிதில் விடை கூறாது, பழைய ஏடுகளைப் புரட்டி, "ஒருவேளை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம்" என்று எழுதித் தென்னாட்டு அடுக்களைகளைத் திடுக்கிடச் செய்தவர் கே. டி. அச்சயா என்னும் உணவு வரலாற்றறிஞர்.

குடகர் குலத்தவராகிய அவர் 1923ஆம் ஆண்டு கொள்ளேகாலத்திற் பிறந்தார். இன்று கர்நாடகத்தில் உள்ள அவ்வூர், அக்காலத்திற் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவர் கற்றது வரலாறன்று, இரசாயனம். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, ஐதராபாத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணெய் வித்துக்களோடு உழைத்தார். எண்ணெயை ஆராய்ந்தவருக்கு அதனைப் பிழிந்த செக்கின்மீது நாட்டம் பிறந்தது. 1993இல் செக்கைப் பற்றியே தனி நூலொன்று எழுதினார். செக்கிலிருந்து அதனை ஆட்டிய மக்களின் உணவுக்குச் செல்ல நெடுந்தூரம் வேண்டியதில்லை. இந்திய உணவின் வரலாற்றுத் துணைநூலாகிய அவரது பெருநூல் 1994இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. உணவு வரலாற்று அகராதியொன்றை 1998இல் அளித்துவிட்டு, 2002இல் மறைந்தார்.

அகழ்வில் அகப்பட்ட கருகிய தானியம், இலக்கியத்தில் வரும் ஒரு சொல், பிறநாட்டு யாத்திரிகரின் குறிப்பு, பயிர்களின் தாவரவியல் ஆகிய நான்கையும் ஒருங்கு வைத்து நோக்குவது அவர் முறை. மிளகாயையே எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களிற் 'கறி' என்றால் மிளகு. மிளகாய் அங்கே இல்லை. அஃது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் கடல்வழி கண்டபின் நம்மை வந்தடைந்தது. 1970களில் இறக்குமதித் தடையினால் மிளகாய்ச் செய்கை செழித்து, வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் கல்வீடு கட்டின. அந்தச் செத்தல் மிளகாயைச் சங்கப் புலவர் கண்டதேயில்லை என்று வகுப்பிற் சொன்னால் மாணவர் நம்ப மறுக்கின்றனர்!

இனி இட்டலிக்கு வருவோம். கி.பி. 920ஆம் ஆண்டளவில் எழுந்த 'வட்டாராதனை' என்னும் கன்னட நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் காணப்படுகிறது. 1130ஆம் ஆண்டளவிற் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலிலும் அது வருகிறது. ஆனால் அங்கெல்லாம் உழுந்து மட்டுமே பேசப்படுகிறது. அரிசி இல்லை, மா புளிக்க வைத்த செய்தி இல்லை, ஆவியில் அவித்த செய்தியும் இல்லை. ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இந்தியரிடம் இல்லை என்று 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்ததையும் அச்சயா எடுத்துக்காட்டினார். 800க்கும் 1200க்கும் இடையில் இந்தோனேசிய இந்து அரசர்களோடு வந்த சமையற்காரர் இக்கலையைக் கொணர்ந்திருக்கலாம் என்பது அவரது ஊகம். ஊகம் என்றே அவர் அதனை வைத்தார். பின்வந்தோரே அதனை முடிந்த முடிபாக்கினர்.

இவ்விடத்தில் அப்பெரியாரோடு நாம் சிறிது மாறுபடுகின்றோம். பாத்திரம் இல்லையெனின் ஆவியில் அவித்தலும் இல்லையென்று ஆகுமா? வன்னியில் நம் பாட்டிமார் குரக்கன் பிட்டும் ஒடியற் பிட்டும் அவித்தது எதில்? பனையோலையாற் கூம்பாக இழைத்த நீத்துப்பெட்டியில் அன்றோ! கொதிக்கும் பானையின் வாயிற் பெட்டியைப் பொருத்தி, மேலே மூடிவிட்டாற் போதும். பானை சோறு காய்ச்சும் பானைதான். பெட்டியோ சில ஆண்டுகளில் இற்று மண்ணாகிவிடும். ஆயிரம் ஆண்டு கழித்து அவ்விடத்தைத் தோண்டுவோர் கையில் வெறும் பானையோடே அகப்படும். இறைவன் பிட்டுக்கு மண்சுமந்த செய்தியோ திருவாசகத்திலேயே உண்டு. இதனால் இட்டலி நம்முடையதென்று நிறுவிவிட்டோம் என்பதன்று; ஓலையில் அவித்த மக்களின் வரலாற்றை உலோகப் பாத்திரத்தைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது என்பதே நம் வாதம்.

அந்த ஓலைப்பெட்டியும் இப்போது அருகிவருகிறது. யுத்த காலத்திற் பதுங்குகுழிகளுக்கென வன்னியின் பனைகள் பல தறிக்கப்பட்டன. எறிகணைக்குத் தலையிழந்தவை வேறு. திரும்பி வந்து அடுப்பு மூட்டிய வீடுகளிற் பெரும்பாலும் அலுமினியப் பாத்திரமே புகுந்தது. இழைக்கத் தெரிந்த கைகள் முதுமையுற்றன.

அச்சயாவின் அகராதியில் இடம்பெறாத உணவொன்றும் இங்கு உண்டு. அது பிறந்த காலமும் இடமும் நமக்கு ஐயமின்றித் தெரியும். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்திற் சிக்குண்ட மக்கள் சிறிது அரிசியும் மிகுதியான நீரும், கிடைத்தால் உப்பும் இட்டுக் காய்ச்சிக் குடித்த கஞ்சி அது. மே 18ஆம் நாளையொட்டி ஆண்டுதோறும் அதனை முள்ளிவாய்க்காற் கஞ்சி என்று காய்ச்சிப் பகிர்கின்றனர்.

குருத்தோலையை எத்தனை நாள் உலர்த்துவது, பானையின் வாயளவுக்குப் பெட்டியை எவ்வாறு வகுப்பது, குரக்கன்மாவுக்கும் ஒடியல்மாவுக்கும் ஆவி பிடிக்கும் நேரம் வேறுபடுமா என்பவற்றைத் தத்தம் அம்மம்மாவிடம் கேட்டு எழுதிவருமாறு, இத்தவணை விடுமுறையில் நம் மாணவர் சிலரை அனுப்பியிருக்கின்றோம்.