பழைய துப்பாக்கியும் புதிய படியும்



'படி' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் பல பொருள் உண்டு. மூல ஏட்டைப் பார்த்து எழுதிய மறு ஏட்டைப் படி என்கிறோம். நெல்லையும் அரிசியையும் அளக்கும் கருவியையும் படி என்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட செய்திக்கு இவ்விரு பொருளும் வேண்டும். பழைய போர்த் துப்பாக்கி ஒன்றின் அமைப்பைப் பின்பற்றி இக்காலத்தில் செய்யப்பட்ட படியை ஒருவர் விலை கொடுத்து வாங்க முற்பட்டால், அவர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதே இப்பேச்சின் பொருள். ஏட்டின் படியில் பிழை நேர்ந்தால் பாட்டின் பொருள் கெடும். துப்பாக்கியின் படியில் பிழை நேர்ந்தால் சுடுபவரின் கண்ணும் கையும் கெடும். சிலபோது உயிரே போகும்.

துப்பாக்கியைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். உரிமம் பெற்ற தோட்டக்காரரும், காவற்பணி புரிவோரும், குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாகப் பயில்வோரும் நம்மிடையே இருக்கின்றனர். வாங்கும் எண்ணமே இல்லாதவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முன்னோர் செய்த பொருளைப் பின்னோர் மீண்டும் செய்யும்போது, கண்ணுக்குப் புலனாகும் உருவம் எளிதில் வந்துவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகாத உறுதி அவ்வளவு எளிதில் வருவதில்லை.

முதலில் கருவியின் அமைப்பைக் காண்போம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் கதவு திறக்கும். முன்னுக்குத் தள்ளிக் கீழே மடித்தால் பூட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் போல்ட் எனப்படும் உறுப்பு துப்பாக்கியில் செய்யும் தொழிலும் இதுவே. நாம் அதனைத் தாழ் என்றே சொல்லலாம். தாழைப் பின்னுக்கு இழுக்கும்போது, சுட்டு முடிந்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே எறியப்படுகிறது. முன்னுக்குத் தள்ளும்போது, அடியிலுள்ள பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்று குழலின் பின்புறத்து அறைக்குள் புகுகிறது. கைப்பிடியைக் கீழே மடித்ததும் தாழின் புடைப்புகள் துப்பாக்கியின் உடலிலுள்ள பள்ளங்களில் சென்று பொருந்துகின்றன. விசையை இழுத்தால், தாழினுள் இருக்கும் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியைத் தாக்கும், மருந்து பற்றிக்கொள்ளும்.

பற்றிய மருந்து ஒரு நொடியின் சிறு கூற்றில் ஆவியாகி எல்லாத் திசைகளிலும் நெருக்குகிறது. முன்புறத்தில் குண்டு இடம் கொடுத்து ஓடுகிறது. பின்புறத்தில் தாழ் மட்டும் இடம் கொடுக்கலாகாது. அந்தத் தாழுக்கு ஒரு சாண் தொலைவில் இருப்பது சுடுபவரின் முகம். இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால், இனிச் சொல்லப்போவன யாவும் தாமே விளங்கும்.

இவ்வகைத் துப்பாக்கிகளுள் நம் நாட்டார்க்கு மிகவும் பழகியது லீ-என்ஃபீல்டு என்பது. முந்நூற்று மூன்று என்று எண்ணைச் சொன்னாலே பலருக்கும் விளங்கும். குழலின் உள் விட்டம் ஓரங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. அதனால் வந்த பெயர் அது. ஸ்காட்லாந்தில் 1831-இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் குடியேறிய ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் தாழையும், கீழிருந்து தோட்டாவை ஊட்டும் பெட்டியையும் வகுத்தார். பிரிட்டிஷ் அரசு 1888-இல் அவருடைய அமைப்பினை மெட்ஃபர்டு என்பவர் வகுத்த குழலோடு சேர்த்துப் படைக்கலமாக ஏற்றுக்கொண்டது. புகையில்லா மருந்து வந்தபோது, அதன் வெப்பத்தில் மெட்ஃபர்டு குழலின் ஆழமற்ற சுருள் வரிகள் விரைவில் தேய்ந்தன. எனவே என்ஃபீல்டு தொழிற்சாலையார் ஆழமான வரிகளை அமைத்தனர். இவ்வாறு 1895-இல் லீயின் பெயரும் அவ்வூரின் பெயரும் இணைந்தன.

அதன் பெட்டி பத்துத் தோட்டாக்களைக் கொள்வது. குண்டின் எடை ஏறத்தாழ 11 கிராம். அது குழலின் வாயை விட்டு நொடிக்கு 740 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் செல்லும். ஒலியின் விரைவைப்போல் இரு மடங்குக்கு மேல் என்று கொள்ளலாம். இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படைவீரர் தோளில் கிடந்தது இதுவே.

கல்கத்தாவை அடுத்து ஹூக்ளி ஆற்றங்கரையில் இஷாப்பூர் என்னும் ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கு வெடிமருந்து செய்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை அது செய்யலாயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னும் அப்பணி நிற்கவில்லை. 1962-இல் சீனாவோடு நேர்ந்த போருக்குப்பின், 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கிகள் விரைவில் தேவைப்பட்டன. இஷாப்பூரார் பழைய உருவத்தையே வைத்துக்கொண்டு புதிய தோட்டாவுக்கு ஒரு துப்பாக்கியை வகுத்தனர். அதன் பெயர் 2-ஏ. தோற்றத்தில் அது பழைய லீ-என்ஃபீல்டுதான். ஆனால் புதிய தோட்டாவின் அழுத்தம் மிகுதி என்பதால், உடலுக்கு மேலும் உறுதியான எஃகைப் பயன்படுத்தினார்கள்; தோட்டாப் பெட்டியையும் மாற்றினார்கள். நல்ல படி என்பதற்கு இதனையே இலக்கணமாகக் கொள்ளலாம். உருவத்தைக் காத்தவர்கள், உறுதியைப் புதிதாகக் கணக்கிட்டார்கள்.

நம் மாநிலங்கள் பலவற்றின் காவல் துறையில் 303 நெடுங்காலம் நிலைத்திருந்தது. உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தது.

இனி, படிகள் எத்தனை வகை என்று பார்ப்போம். மூன்று வகையாக அவற்றைப் பிரிக்கலாம்.

முதல் வகை, மரபு அறாமல் அரசுத் தொழிற்சாலையிலிருந்து வரும் படி. இஷாப்பூரின் .315 விளையாட்டுத் துப்பாக்கி இதற்குச் சான்று. படையினரின் தோட்டா குடிமக்கள் கையில் புழங்கலாகாது என்பது பிரிட்டிஷ் ஆட்சியாளரின் கொள்கை. ஆகவே குடிமக்களுக்கான துப்பாக்கிகளுக்கு வேறு அளவுகளை வைத்தனர். அவற்றுள் ஒன்று .315. அதன் தோட்டா முதலில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்கென வகுக்கப்பட்டது. தாழும் உடலும் லீ-என்ஃபீல்டு வழி. தோட்டாவோ ஆஸ்திரிய வழி. தாய்வீட்டுச் சாயலும் புகுந்த வீட்டுப் பெயரும் கொண்ட பெண்ணைப் போன்றது இத்துப்பாக்கி.

இரண்டாம் வகை, பழைய உருவத்தின்மேல் உள்ள விருப்பத்துக்காகத் தனியார் நிறுவனங்கள் புதிய பொறிகளைக் கொண்டு செய்யும் படி. ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், லீ-என்ஃபீல்டு நான்காம் எண் துப்பாக்கியின் சாயலில் 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கான துப்பாக்கிகளை விற்றது. பழைய துப்பாக்கிகளைச் செப்பனிட்டு விற்பது வேறு. இவ்வாறு புதிதாகச் செய்து விற்பது வேறு. விற்பவர் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. வாங்குபவர் பிரித்தறிய வேண்டும்.

மூன்றாம் வகை, கைவினைப் படி. இன்று பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே உள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில், பட்டறைக் கம்மியர் தலைமுறை தலைமுறையாக லீ-என்ஃபீல்டைக் கண்டு கையாலேயே அதனைச் செய்து வந்தனர். அவர்தம் கைத்திறம் வியக்கத்தக்கது. மரக்கட்டையும் குழலும் முத்திரையும் அச்சாக மூலத்தைப் போலவே இருக்கும். ஆங்கிலம் அறியாத கம்மியர் எழுத்துகளையும் ஓவியம் போலவே பார்த்து வெட்டினர். அதனால் 'என்' என்னும் ஆங்கில எழுத்து சிலவற்றில் தலைமாறி நிற்கும். விக்டோரியா அரசியார் மறைந்தது 1901-இல். அவருடைய முத்திரைக்குக் கீழே அதற்குப் பிற்பட்ட ஆண்டு பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. பள்ளியில் இத்தகைய பிழைக்குச் சிவப்பு மையால் ஒரு கோடு இடுவோம். இங்கே அக்கோடு ஓர் உயிரைக் காக்கும். எழுத்து பிழையாயின் அது தொழிற்சாலையில் பிறந்ததன்று. தொழிற்சாலையில் பிறவாததன் எஃகு எத்தகையது என்று எவரும் உறுதி கூற இயலாது. கிடைத்த இரும்பைக் காய்ச்சி அடித்த உடல், பத்துத் தோட்டாவைத் தாங்கிப் பதினோராவதில் பிளக்கக்கூடும்.

வாங்குபவர் நோக்க வேண்டியவற்றை இப்போது வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, தோட்டா. பெயரையும் சாயலையும் நம்பாமல், குழலின்மேல் பொறித்துள்ள அளவைப் படித்தறிய வேண்டும். ஒரே சாயலுடைய துப்பாக்கி 303 ஆகவும் இருக்கலாம், 7.62 ஆகவும் இருக்கலாம், .315 ஆகவும் இருக்கலாம். ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு ஆகாது. சிறைக்காவலுக்கும் காவல் துறைக்கும் என்று, பழைய துப்பாக்கியின் குழலைச் சுருள் வரியின்றி வழுவழுப்பாக அகலப்படுத்தி, .410 என்னும் அளவில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றியதும் இஷாப்பூரில் உண்டு. வெளியிலிருந்து நோக்குவார்க்கு அதுவும் 303 போலவே தோன்றும்.

இரண்டாவது, இடைவெளி. தோட்டாவின் அடிக்கு இடமாகத் தாழின் முகத்துக்கு முன்னே விடப்படும் வெளி மிக நுண்ணிய அளவினது. 303-க்கு அது ஓரங்குலத்தில் ஆயிரத்தில் 64 பங்குக்குக் குறையாமலும் 74 பங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டரே. வெளி மிகுந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு நீண்டு கிழிந்து, ஆவி பின்னோக்கிப் பாயும். இதனைக் கண்ணால் அளக்க முடியாது. துப்பாக்கிக் கம்மியரிடம் இரண்டு எஃகு அளவுகள் இருக்கும். ஒன்றை வைத்தால் தாழ் மூட வேண்டும். மற்றொன்றை வைத்தால் மூடக்கூடாது. இந்தச் சோதனையைத் தம் கண்முன் செய்துகாட்டச் சொல்லுதல் வாங்குபவரின் உரிமை. நான்காம் எண் துப்பாக்கியில் இவ்வெளியைச் சரிசெய்யவே தாழின் தலையை நான்கு அளவுகளில் செய்து வைத்தனர்.

மூன்றாவது, தாழின் எண். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் தாழை ஒப்பிட்டுத் தேய்த்துப் பொருத்தி, உடலில் உள்ள எண்ணையே தாழிலும் பொறிப்பது தொழிற்சாலை வழக்கம். இரண்டு எண்களும் வேறுபட்டால், அத்தாழ் வேறொரு துப்பாக்கிக்குரியது என்பது பொருள். அதனை அளந்து பாராமல் சுடலாகாது.

நான்காவது, சோதனை முத்திரை. வழக்கமான தோட்டாவினும் மிகுந்த அழுத்தமுடைய தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கிய துப்பாக்கிக்கே அம்முத்திரையை இடுவர். இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இதற்கென்றே நெடுங்காலமாக நிலையங்கள் உள்ளன. முத்திரை அழகுக்காக இட்டதன்று; தேறிய மாணவனுக்குத் தரும் சான்றிதழ் போன்றது.

ஐந்தாவது, பயிற்சித் துப்பாக்கி. அணிவகுப்புப் பயிற்சிக்கென்று ஒதுக்கிய பழைய துப்பாக்கிகளில் 'டி.பி.' என்னும் ஆங்கில எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். பயிற்சிக்கு மட்டும் என்பது அதன் பொருள். தேசிய மாணவர் படையினர் இவற்றை ஏந்திக் கண்டிருப்பீர்கள். தேய்ந்தோ பழுதுற்றோ போனமையால் ஒதுக்கப்பட்டவை அவை. எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்தாலும் அவற்றைச் சுடுதல் தகாது.

இவ்வளவுக்கும் முற்பட்டது சட்டம். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். இருபத்தோர் வயது நிரம்பாதவர்க்கு உரிமம் இல்லை. 2019-இல் செய்த திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. 303 நம் நாட்டில் விலக்கப்பட்ட அளவைச் சேர்ந்தது. பொதுவாகத் தனியார்க்கு அதற்கு உரிமம் கிடைப்பதில்லை. .315 உரிமம் பெறக்கூடிய அளவு. உரிமம் பெற்றவரும் காட்டு விலங்கைச் சுடலாம் என்று எண்ணிவிடலாகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது.

வாங்கிய பின்னும் ஒரு கடமை உண்டு. இவ்வகைத் துப்பாக்கியில் தாழை முழுவதுமாக உருவி எடுத்துவிடலாம். உருவிய தாழை ஓரிடத்திலும், துப்பாக்கியை வேறோர் இடத்திலும், தோட்டாவை மூன்றாவது இடத்திலும் பூட்டி வைத்தால், வீட்டுச் சிறுவர் கையில் ஏதேனும் ஒன்று அகப்பட்டாலும் தீங்கு நேராது. தாழில்லாத கதவு வீட்டைக் காவாது. தாழில்லாத துப்பாக்கியோ வீட்டைக் காக்கும்.

பழைய கருவியொன்றின் சாயலை விரும்புவதில் தவறில்லை. ஆயினும், விலை கொடுப்பதற்கு முன் அது அளந்து பார்த்த படியா, பார்த்து எழுதிய படி மட்டுமா என்று கேட்டுத் தெளிய வேண்டும். முத்திரையும் அளவும் எண்ணும் அவ்வினாவுக்கு விடை கூறும். அவை வாய் திறவாவிடில், விற்பவர் எவ்வளவு பேசினாலும் வாங்காமல் திரும்புதலே அறிவுடைமை.