விரிசல் கண்ட நெகிழிப் படகு

கோவாவின் கடற்கரைகளிலும் ரிஷிகேஷ் அருகே கங்கையிலும் வண்ண வண்ணச் சிறுபடகுகள் மிதப்பதைக் காணலாம். அவற்றுள் பல, பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆனவை. வீட்டு மாடிகளில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளும் பெரும்பாலும் இதே பொருளால், இதே முறையில் செய்யப்படுபவையே. நெகிழித் தூளை அச்சினுள் இட்டு, அச்சைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றுவர். தூள் உருகி உட்சுவரில் படிந்து, இணைப்பே இல்லாத ஒரே கூடாக ஆறும். மரப்படகைப் போலப் பலகைகளின் இடுக்கில் நீர் கசியும் என்ற அச்சம் இதற்கு இல்லை. ஆயினும் பாறையில் மோதினாலோ, பாரம் ஒரே இடத்தில் நெடுநாள் அழுத்தினாலோ இக்கூட்டிலும் விரிசல் விழும்.

விரிசலைக் கண்டதும் பசை பூசி அடைத்துவிட எண்ணுவது இயல்பு. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. பசை ஒரு பொருளைப் பற்ற வேண்டுமானால் முதலில் அதன்மேல் நன்கு பரவ வேண்டும். பாலிஎத்திலீனின் மேற்பரப்போ மெழுகு போன்றது; அதன்மேல் விழும் நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பசையும் அவ்வாறே பற்றின்றி நிற்கும். காய்ந்தபின் உறுதியாகத் தோன்றினாலும், அலையில் படகு வளைந்து நிமிரும்போது தோல்போல் உரிந்துவிடும். திறந்து கிடக்கும் விரிசலைக் கண்டால் எவரும் படகில் ஏறமாட்டார்; மூடி மறைத்த விரிசலை நம்பி நடு ஆற்றுக்கே சென்றுவிடுவர்.

ஆகவே, படகு எப்பொருளால் ஆனது என்று அறிவதே முதல் வேலை. கண்ணாடியிழைப் படகைச் சுரண்டினால் நூலிழைகள் தென்படும். அதைப் பிசினும் கண்ணாடியிழைப் பாயும் கொண்டு சீராக்கலாம். பாலிஎத்திலீனில் இழை இராது. அதன் சீவல் நீரில் மிதக்கும். அச்சீவலை விரல்களால் வளைத்தும் பார்க்க வேண்டும். நாடாபோல் வளைந்தால் நல்லது. சற்று ஆழத்திலிருந்து எடுத்த சீவலும் பொடிந்து உதிர்ந்தால், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நெகிழியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிட்டன என்று பொருள். அப்படகில் ஓரிடத்தை அடைத்தால் வேறோர் இடம் வெடிக்கும். அதைக் கைவிடுவதே அறிவுடைமை.

உருகும் நெகிழிக்கு மருந்து சூடே. உடைந்த வாளியையும் குடத்தையும் காய்ச்சிய கம்பியால் இணைத்துத் தருவோர் நம் நாட்டுத் தெருக்களில் உண்டு. படகைப் பற்றவைப்பதும் அக்கைத்தொழிலை ஒத்ததே. ஆனால் சூடேற்றுவதற்கு முன், விரிசலின் இரு முனைகளிலும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளை இட வேண்டும். ஓட்டையை அடைக்க வந்தவர் புதிதாக ஓட்டை இடுவது விந்தையாகத் தோன்றலாம். விரிசலின் கூரிய முனையில்தான் விசை முழுவதும் குவிகிறது. வட்ட விளிம்பில் அது பரவிவிடுகிறது. தகடுகளில் உள்ள விரிசல்களில் விசை எவ்வாறு குவிகிறது என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் 1913ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சிறிது நீண்டிருக்கும். எனவே துளையைச் சற்றுத் தள்ளியே இடுவர்.

பின்பு விரிசலின் வழியே ஏர்ச்சால் போன்ற சரிவான பள்ளம் ஒன்றைச் செதுக்கி, வெயிலில் வெளுத்த மேல்தோலைச் சுரண்டி, ஈரமும் எண்ணெயும் இன்றித் துடைக்க வேண்டும். அப்பள்ளத்தை அதே வகை நெகிழிக் குச்சியை உருக்கி நிரப்புவர். பாலிஎத்திலீன் ஏறக்குறைய 130 பாகை செல்சியசில் உருகும். குச்சி மட்டும் உருகினால் போதாது. பள்ளத்தின் சுவரும் உடன் உருகிப் பளபளக்க வேண்டும். குளிர்ந்த சுவரில் வழிந்த நெகிழி, பசையைப் போலவே பின்னர் நகத்தால் பெயர்ந்துவிடும். பழுப்பு நிறமும் புகையும் தோன்றினால் சூடு மிகுந்துவிட்டது என்று அறியலாம். அப்புகையைச் சுவாசிக்கலாகாது, காற்றோட்டமான இடத்தில், பழகிய பெரியவர்களே இப்பணியைச் செய்ய வேண்டும். சூட்டில் உருகாதபடி மூலக்கூறுகள் குறுக்கே பிணைக்கப்பட்ட பாலிஎத்திலீனும் உண்டு. அதனிடம் இம்முறை பலிக்காது.

பற்றவைத்த இடத்தில் நீரூற்றி விரைந்து குளிர்விக்கலாகாது. உள்ளே இறுக்கம் தங்கிவிடும். தானாக ஆறியபின் படகைத் தாங்கிகளின்மேல் வைத்து, ஒட்டு மூழ்கும் அளவு உட்புறம் நீர் ஊற்றி, வெளிப்புறத்தை உலரத் துடைத்து, ஓர் இரவு விட்டுவைப்பர். மறுநாள் அங்கே ஒரு துளி நின்றாலும் ஒட்டைச் செதுக்கி எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். உலர்ந்திருந்தால், உயிர்காப்பு உடை அணிந்தோர் இடுப்பளவு நீரில் படகை முதலில் செலுத்திப் பார்ப்பர்.