ஆயிரம் கிலோமீட்டருக்குப் பச்சை பிடித்த ஆறு! தெரியுமா?

ஓர் ஆறு ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சை பிடித்து, அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்து விழுந்து, அரசாங்கம் அவசரநிலையே அறிவித்தது தெரியுமா? நடந்தது 1991 நவம்பரில். இடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், பார்வான்-டார்லிங் ஆறு. வறட்சியில் ஓட்டம் அற்றுப்போய்த் தடுப்பணைகளுக்குப் பின்னால் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது, வெயிலோ கொளுத்தியது, போதாதா? நீலப்பச்சைப் பாசி ஆற்றையே பிடித்துக்கொண்டது! கரையோர மக்களுக்குக் குடிநீர் தர ராணுவம் சுத்திகரிப்பு இயந்திரங்களோடு வந்து இறங்கியது. டிசம்பரில் மழை பெய்து, புதுத் தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போகும்வரை பாசி அசையவில்லை.

இந்தப் பாசி விஷம் கக்கும் என்பதை முதன்முதலில் அறிவியல் இதழில் எழுதியதும் அதே ஆற்றுத்தொகுதியைப் பார்த்துத்தான்! டார்லிங் போய்ச் சேருவது மர்ரே ஆற்றில். மர்ரே கடலைத் தொடும் முன் தேங்குவது அலெக்ஸாண்ட்ரினா ஏரியில். அங்கே கால்நடைகள் மடிவதைப் பார்த்த ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர், 1878-லேயே ‘நேச்சர்’ இதழில் அதை எழுதிவிட்டார். சந்தேகம் தீர, ஏரியில் மிதந்த பாசியை ஓர் ஆட்டுக்குப் புகட்டியும் பார்த்தார். ஆடு செத்தது. (பாவம், அதன் பெயரை எந்த இதழும் போடவில்லை.)

சரி, இவ்வளவு பெரிய ஆற்றில் பாசியை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? எண்ணுகிறார்கள்! ஆம், செல் செல்லாக! பாட்டிலில் தண்ணீர் மொண்டு, அயோடின் கரைசல் சொட்டுவிட்டால் செல்கள் பழுப்பேறிக் கெடாமல் நிற்கும். பிறகு அதை ஒரு கண்ணாடித் தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்: 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், வெறும் 1 மி.மீ. ஆழம். சரியாக ஒரு மில்லிலிட்டர் பிடிக்கும். அடியில் ஆயிரம் கட்டங்கள் கீறியிருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கட்டம் கட்டமாக எண்ண வேண்டியதுதான். மில்லிலிட்டருக்கு 500 செல் தாண்டினால் பச்சை எச்சரிக்கை, 5,000 தாண்டினால் மஞ்சள், 50,000 தாண்டினால் சிவப்பு! சிவப்பு என்றால் குளிக்கக்கூட இறங்காதே என்று பொருள். ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாகப் புழங்கிய கணக்கு இது.

ஆனால் எத்தனை மணிக்கு மொண்டீர்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். இந்தப் பாசியின் செல்லுக்குள் காற்றடைத்த நுண்ணிய புரதக் குழல்கள் உண்டு. அவைதான் அதை மிதக்க வைக்கின்றன. பகலெல்லாம் வெயிலில் மாவுச்சத்து சேர்த்துக் கனத்ததும் கீழே இறங்கும்; இரவில் அதைச் செரித்து எடை குறைந்ததும் மறுபடி மேலே ஏறும்! ஆக, காலையில் ஒரு கணக்கு, மாலையில் இன்னொரு கணக்கு. காற்று ஒரு பக்கம் வீசினால் எதிர்க்கரையில் பாசி திட்டாக ஒதுங்கும், இந்தக் கரையில் ஒன்றுமே தெரியாது. ஒரே ஒரு பாட்டிலை வைத்து ‘ஆறு சுத்தம்’ என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

1991-ல் பாசிக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. கலங்கிய ஆறுதான் நல்ல ஆறு, தெரியுமா? டார்லிங் எப்போதும் களிமண் கலங்கலாக ஓடுவது. வெளிச்சம் உள்ளே இறங்காது, பாசிக்கும் பசிதான். 1991-ல் ஓட்டம் குறைந்தபோது உப்பேறிய நிலத்தடி நீர் ஆற்றுக்குள் கசிந்தது. உப்பு பட்டதும் களிமண் திரண்டு அடியில் படிய, தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தது. பார்க்க அழகு, பாசிக்கோ விருந்து!

பாட்டிலை நம்ப முடியாவிட்டால் மேலே இருந்து பார்க்கலாமே, சாட்டிலைட் எதற்கு இருக்கிறது என்பீர்கள். பாசியிலுள்ள ஃபைகோசயனின் என்ற நீல நிறமி 620 நானோமீட்டர் அலைநீள ஒளியை விழுங்கும். அந்த அலைநீளத்தைப் பார்க்கும் கண் சென்டினல்-3 சாட்டிலைட்டுக்கு உண்டு. ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி 300 மீட்டர், ஆற்றின் அகலம் முழுக்க ஒரு புள்ளிக்குள் காணாமல் போய்விடும்! 10 மீட்டர் புள்ளியில் படமெடுக்கும் சென்டினல்-2-க்கோ அந்தக் கண் இல்லை. அதனால்தான் ஆற்றுக்குள்ளேயே சென்சாரை இறக்குகிறார்கள்: ஆரஞ்சு ஒளியை அடித்தால் நிறமி சிவப்பாக ஒளிரும், அந்த ஒளியை அளந்துவிடலாம்.

1991-ல் பெருகியது அனபீனா வகைப் பாசி. அதே இனம் ஐரோப்பாவில் ஒரு விஷம் தயாரிக்கும், ஆஸ்திரேலியாவில் வேறு விஷம்! ஆஸ்திரேலியாவில் அது தருவது சாக்சிடாக்சின், அதாவது கடற்சிப்பி தின்றவர்களை முடக்கிப்போடும் அதே நரம்பு நஞ்சு. கொதிக்க வைத்தாலும் பாசி பிடித்த தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாது. செல் உடைந்து விஷம் வெளியே வருவதுதான் மிச்சம். மருந்தடித்துக் கொல்லலாமா? 1979-ல் குயின்ஸ்லாந்தின் பாம் தீவில் குடிநீர் அணையில் மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொன்றார்கள். செத்த செல்களின் விஷம் குழாய்வழியே வீடுகளுக்கு வந்து 148 பேருக்கு உடம்பு கெட்டது, பெரும்பாலும் குழந்தைகள்!

பின் பாசி எதற்குத்தான் மசியும்? ஓட்டத்துக்கு! நொடிக்கு வெறும் 5 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் நகர்ந்தாலே போதும், டார்லிங்கில் அனபீனாவால் ஆதிக்கம் செலுத்த முடியாது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 1991-க்குப் பிறகு வந்த நீர்த்திட்டத்தில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான வெயில் காலத்துக்கு ஓர் இலக்கும் வைத்தார்கள். மூன்று மாதமாக நல்ல ஓட்டம் வரவில்லையா? வில்கேனியா ஊரைத் தாண்டி நாளொன்றுக்கு 200 கோடி லிட்டர் வீதம் ஐந்து நாள் தண்ணீர் ஓடியாக வேண்டும். அதற்காக மேலே பாசனப் பம்புகளை நிறுத்தச் சொல்லலாம்! மேலே பம்பு வைத்திருக்கும் பருத்தி விவசாயிகளும் கீழே ஆற்றை நம்பியிருப்பவர்களும் அந்தத் தண்ணீருக்காக இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.