இரண்டு கேபிள், ஒரே இணைப்பு

கணினி ஆய்வகம் மாடியிலும் சர்வர் கீழ்த்தளத்திலும் உள்ள பள்ளிகளில், இரு ஸ்விட்சுகளையும் இணைப்பது பெரும்பாலும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகமுள்ள ஒற்றைக் கேபிள்தான். அது பழுதானால் அன்றைய இணையவழித் தேர்வு நின்றுவிடும். ‘இன்னொன்றையும் செருகலாமே, சார்?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். வெறுமனே செருகினால் தரவு இரண்டு கேபிள்களிலும் சுற்றிச் சுற்றி வந்து வலையமைப்பையே முடக்கும். சுழலைத் தடுக்கத் தெரிந்த ஸ்விட்சோ இரண்டாவது கேபிளைச் சும்மா நிறுத்திவைக்கும்.

இரண்டையும் ஒரே இணைப்பாக நடத்தும்படி இருபுற ஸ்விட்சுகளிலும் அமைப்பதே இணைப்புத் தொகுப்பு. 2000ஆம் ஆண்டில் வந்த 802.3ஏடி தரம், இரு ஸ்விட்சுகளும் தமக்குள் பேசி உடன்படுவதற்கான எல்ஏசிபி நெறிமுறையைத் தந்தது.

வேகம் இரட்டிப்பாகுமா? ஆம் என்று சட்டெனச் சொல்லிவிடக் கூடாது. பொட்டலங்களின் வரிசை குலையாதிருக்க, ஒரு கணினி எடுக்கும் ஒரு கோப்பு முழுவதும் ஒரே கேபிளில்தான் வரும். நான் ரேஷன் கடையைச் சொல்லி விளக்குவேன்: இரண்டாவது தராசு வந்தால் வரிசை விரைவாக நகரும்; ஒருவருக்கு அரிசி அளக்கும் நேரம் குறையாது.

மேலாண்மை வசதியில்லாத மலிவான ஸ்விட்சில் இது நடக்காது. வசதி இருந்தால், தேர்வில்லாத நாளில், கோப்பு நகலாகும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கிக் காட்டுங்கள். சற்றே தயங்கி நகல் தொடர்வதை மாணவர்களே பார்ப்பார்கள்.